தோள் மாற்றும் இடம்

ராக்கப்பன் உட்கார்ந்து பார்த்தவர்கள் போடிமெட்டில் யாரும் கிடையாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றியிருப்பார். கை தட்டில் இருக்கும், கண் தடத்தில் இருக்கும். மெட்டு என்றால் மலைக்கணவாய். அங்கிருந்து மேற்கே, திருவாங்கூர் எல்லைக்குள் இருபதடி தள்ளி அவர் வீடு. கீழே போடியிலிருந்து அரிசி, உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று சகலத்தையும் மலையேற்றிச் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய குத்தகை. மோட்டார் ரோடு என்கிற பேச்சே பிறக்காத காலம். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதிமாடு ஏறும் தடம் ஒன்றுதான் மலைக்கும் சமவெளிக்கும் நடுவே இருந்தது.

பன்னிரண்டு பொதிமாடுகள் வைத்திருந்தார். ஒவ்வொரு நடைக்கும் கூடவே நடப்பார். முன்னால் போகும் மாட்டுக்கும் கடைசி மாட்டுக்கும் இடையே ஓடி ஓடி, மற்றவன் ஒரு தரம் மலை ஏறினால் இவர் மூன்று தரம் ஏறியிருப்பார். "நான் போகாத எடத்துல வேலை நடக்காது" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். கேட்கிறவர்களுக்குச் சலிப்பு. அவருக்கு அது பெருமை.

இந்தப் பெருமைக்கு நெய் ஊற்றி வளர்த்தவர் ஸ்டோர் மேனேஜர் துரைசுவாமி அய்யர். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். தனிக்கட்டையாக மலையில் இருந்துகொண்டு, சீமைப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்து, மனிதன் நாளை எப்படிக் கழிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். காலை நாலரைக்கு எழுவது, ஐந்துக்குக் குளிப்பது, ஐந்தே காலுக்கு அன்றைய வேலைகளைச் சீட்டில் எழுதுவது என்று ஸ்டோர்ச் சுவரில் ஓர் அட்டவணையே ஒட்டியிருந்தது. மலைக்குளிரில் ஐந்து மணிக்குக் குளிக்கிற ஆளைப் பார்த்துத் தோட்டத்துச் சனம் பரிதாபப்பட்டது. ராக்கப்பன் மட்டும் அந்த அட்டவணைக்கு முன்னால் கைகட்டி நிற்பார்.

"ராக்கப்பா, ஒரு மனுஷனுக்கு நாள் ஒண்ணுக்கு இருபத்துநாலு மணிக்கூறாக்கும். நீ எத்தனை தூங்கறாய்? ஆறா? அதுலே ரெண்டை வெட்டு. வருஷத்துக்கு ஒரு மாசம் நோக்கு லாபம், கேட்டயா" என்றார் ஒரு நாள் அய்யர்.

அன்றிலிருந்து ராக்கப்பன் நாலு மணி நேரம்தான் தூங்கினார். அவர் மனைவி வேலுத்தாய்க்கு அவள் வேலையே சரியாக இருந்தது. மெட்டேறி வருகிற சுமைக்காரர்களுக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போடுகிறவள் அவள். சுக்குக் காப்பிப் பானை அவள் அடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். அட்டை கடித்த கால், வெடித்த கால், நடுங்குகிற கால் என்று பார்த்துத்தான் காப்பியா களியா என்று முடிவு செய்வாள்.

அந்த வருஷம் வைகாசியில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயில் புண், குளம்பில் புண். எட்டு நாளில் நாலு மாடு செத்தது. மிச்சத்தைத் தடத்தில் விடக்கூடாது என்று எல்லைச் சுங்கச் சவுக்கைக்காரர்கள் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். அடிவாரத்தில் முந்தல் கொட்டகையில் இருநூற்று நாற்பது சிப்பம் அரிசி கிடந்தது. சிப்பம் என்றால் ஓர் ஆள் சுமக்கிற மூட்டை. ஸ்டோருக்கு முன்னால் பன்னியாறு ஓடுகிறது, பாலம் கிடையாது. மழை இறங்கி ஆறு எழும்பிவிட்டால் ஒரு மாதத்துக்கு யாரும் அதைத் தாண்ட முடியாது. அக்கரை லயங்களில், அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், முந்நூறு பேர் அந்த அரிசியை நம்பி இருந்தார்கள். அரிசி ஆற்றைத் தாண்டாவிட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போகும் என்று அய்யர் கோபமில்லாமல் சொல்லிவிட்டார். கோபமில்லாமல் சொன்னதுதான் ராக்கப்பனுக்குப் பயமாக இருந்தது. மாடும் போய்க் குத்தகையும் போனால் மெட்டில் அவர்களுக்கு என்ன வேலை? மழை வர இன்னும் பதினைந்து நாள் இருந்தால் அதிகம்.

ராக்கப்பன் தலைச்சுமைக்கு ஆள் சேர்த்தார். இருபத்துநாலு ஆண்கள் கிடைத்தார்கள். அவர்களுக்கு முன்னோடி சுடலை என்கிற திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாற்பது வயது, கழுத்து பனந்தூர் கனம், பேச்சு அதைவிடக் கனம். முந்தலில் சிப்பத்தைத் தூக்கினால் முதல் நாள் மெட்டு, இரண்டாம் நாள் சாந்தன்பாறை, மூன்றாம் நாள் வெறுங்கையாக இறக்கம். ராக்கப்பன் தானும் ஒரு சிப்பம் சுமந்தார். சுமந்தபடியே முன்னும் பின்னும் ஓடினார். பின்தங்கினவனைத் திட்டுவார், முந்தினவனை நிறுத்துவார், ஆற்றில் இறங்கி ஒவ்வொருவனாகக் கைபிடித்துக் கடத்துவார்.

இரண்டு நடை முடிவதற்குள் ஒன்பது பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். கீழ்நாட்டு உடம்பு வியர்வையோடு மெட்டேறி வந்து, ஈரத் துணியோடு சவுக்கைத் தாழ்வாரத்தில் படுத்தால் வேறென்ன ஆகும்? ஆறு நாள் போய்விட்டது. அக்கரை சேர்ந்தது முப்பத்தொன்பது சிப்பம். சொக்கர்முடி மேல் மத்தியானத்தில் மேகம் வந்து உட்கார்ந்து எழுந்து போகத் தொடங்கியிருந்தது.

ஏழாம் நாள் மாலை ராக்கப்பன் விழுந்தார். மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, வழுக்கலே இல்லாத இடம். நின்றபடி தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். சிப்பம் உருண்டு பாறையில் மோதிக் கிழிந்து சரிவெல்லாம் அரிசி. செய்தி கேட்டு வேலுத்தாய் இறங்கி வந்தபோது அவர் சரிவில் குந்தியிருந்து, மண்ணும் சருகுமாக அரிசியை விரலால் பொறுக்கி வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் ரத்தம் அவருக்குத் தெரியவில்லை. சுமைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். வேலுத்தாய்க்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"விடுங்க. குருவி திங்கட்டும்" என்றாள்.

"இன்னும் இருநூறு கெடக்கு புள்ள."

"அதத்தான் சொல்றேன். இருநூறு கெடக்கையில இதப் பொறுக்குறீக."

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காலில் மஞ்சள் பற்றுப் போட்டாள். போட்டுக்கொண்டே, பல நாளாக அடுப்படியில் வைத்து யோசித்ததைச் சொன்னாள். முந்தலில் நாற்பது பெண்கள் வேலைக்குத் தவிக்கிறார்கள். மலையேறிக் கீரை விற்க வருகிறவர்கள் அவளிடம் கேட்காத நாளில்லை. மெட்டுக்கு மேற்கே பூப்பாறை லயத்திலும் அப்படித்தான், ஏலம் பழுக்கும்வரை கை சும்மா இருக்கிறது. ஆனால் ஒருத்தியாலும் ராத்தங்க முடியாது. வீட்டில் பிள்ளை இருக்கிறது, உலை இருக்கிறது. பொழுது சாய வீடு திரும்பலாம் என்றால் அத்தனை பேரும் வருவார்கள். தடத்தை நாலாக வெட்டிவிட வேண்டும். முந்தலிலிருந்து ஊத்துப்பாறை ஒன்று. அங்கிருந்து மெட்டு இரண்டு. மெட்டிலிருந்து பன்னியாற்றங்கரை மூன்று. ஆற்றைத் தாண்டி ஸ்டோர் நாலு. அவரவர் துண்டை அவரவர் நடந்து, அடுத்த ஆளிடம் சுமையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எவரும் குளிரில் படுக்க வேண்டாம்.

ராக்கப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நான் எதுகூடப் போறது?" என்றார்.

"ஒண்ணுகூடயும் போக வேணாம்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் முழங்கால் வீங்கியிருந்தது, எழுந்து மறுத்துப் பேச முடியவில்லை. சுடலையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சுடலை களியைத் தின்று முடித்தான். கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"மைனி, போற வழியில தோள் மாத்துதது எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? பாடைக்குத்தான். எங்க அய்யாவத் தூக்கிட்டுப் போகையில ஆத்துப்பாலத்துக்கிட்ட எறக்கி நான் மாத்துனேன். சோத்து மூட்டையப் போயி அதுமாரி மாத்தச் சொல்லுதிய. தூக்குனவன்தான் கொண்டுபோயி எறக்கணும். அதுதான் எங்க மொற. கூலி வேண்டாம்னாலும் வேண்டாம், நான் செய்யமாட்டேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. மலைத்தடத்தில் அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். நோய்பட்டுப் பாதியில் விழுந்தவனின் சுமை, அவன் எழுந்து வரும்வரை வழியோரத்தில் கிடக்குமே தவிர, இன்னொருவன் தோளுக்குப் போகாது. மற்ற ஆட்களும் சுடலை பக்கம் நின்றார்கள். ராக்கப்பனுக்கே உள்ளூர அது சரியென்றுதான் பட்டது. நல்ல யோசனை ஒன்று நடுவீட்டில் செத்துக் கிடந்தது.

வேலுத்தாய் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சத்தம் நின்றது. ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"சுடலை, பாடைக்குத் தோள் குடுக்குறது யாரு?"

"ஆம்பளையதான்."

"பொம்பள குடுப்பாளா?"

"தெருமொனையத் தாண்டமாட்டாக. அது எப்படிக் குடுப்பாக?"

"ஆம்பளகிட்டருந்து ஆம்பளைக்கு மாறுனா அது பாடை. ஒத்துக்கிறேன். ஒரு பொம்பள கொண்டாந்து கல்லு மேல வச்சத ஆம்பள எடுத்தா? ஆம்பள வச்சதப் பொம்பள எடுத்தா? அது என்ன?"

சுடலை வெற்றிலையை எடுத்தான். காம்பு கிள்ளினான், நரம்பு உரித்தான், சுண்ணாம்பு தடவினான். மென்று, சாற்றை வெளியே துப்பிவிட்டு வந்தான்.

"அது சொமதான்" என்றான்.

அப்படித்தான் அது அமைந்தது. முதல் துண்டு முந்தல் பெண்களுக்கு. செங்குத்தான இரண்டாவது துண்டு ஆண்களுக்கு. மெட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற மூன்றாவது, லயத்துப் பெண்களுக்கு. ஆறும் அதற்கு மேல் ஏற்றமும் மறுபடி ஆண்களுக்கு, ராத்திரி அவர்களுக்கு ஸ்டோர் உள்ளே படுக்கை. எந்த இடத்திலும் ஆண்கையும் ஆண்கையும் சேராது. ஊத்துப்பாறையில் தலைமட்டத்துக்குச் சுமைதாங்கிக் கல் ஒன்று முன்பே நின்றது. மற்ற இரண்டு இடங்களில் மரம் வெட்டி மேடை கட்டினார்கள். ஒரே நாளில் வேலுத்தாய் முந்தலுக்கு இறங்கிப் பேசிவிட்டு வந்தாள். பூப்பாறை லயத்துக்குச் சொல்லி அனுப்பியதோடு சரி. அன்றன்றைய கூலி அன்றன்றைக்கே அரிசியாக என்றதும், இருபது பேர் கேட்ட இடத்தில் முப்பது பேர் வந்தார்கள்.

ராக்கப்பனை ஊத்துப்பாறையில் கொண்டுபோய் வைத்தாள். "இந்தக் கல்ல விட்டு நகரக் கூடாது. சிப்பத்துக் கட்டு அவுந்திருந்தா கட்டி விடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீக" என்றாள்.

முதல் நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு சிப்பம் கண்ணுக்கு மறைந்ததும் எழுந்து நாலடி போவார். கல்லைத் திரும்பிப் பார்ப்பார். வந்து உட்கார்வார். மேலே என்ன நடக்கிறதோ, ஆற்றில் எவன் வழுக்கினானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கீழிருந்து பெண்கள் ஏறி வந்தார்கள். கல்லில் வைத்தார்கள், ஊற்றில் முகம் கழுவினார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஆண்கள் வந்து எடுத்தார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவிழ்ந்த கட்டுகூட அன்றைக்கு ஒன்றோ இரண்டோதான். மாலையில் வீட்டுக்கு வந்து, "எத்தன போச்சு?" என்றார்.

"இருபது."

அவர் நம்பவில்லை. மறுநாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாள் இருபத்தாறு. ஒரே துண்டை நாளுக்கு இரண்டு தரம் நடப்பவர்களுக்கு அந்தத் துண்டின் ஒவ்வொரு கல்லும் பழகிவிட்டது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே வலதுகாலை முன்வைக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளங்காலுக்கே தெரிந்துபோனது. காய்ச்சலில் கிடந்த ஒன்பது பேரில் ஏழு பேர் எழுந்து வந்தார்கள்.

நாலாம் நாள் காலை, கல்லுக்கு வேலையில்லாத ஒரு சிறு பொழுதில், ராக்கப்பன் பாறை மேல் ஏறி நின்று பார்த்தார். மூடுபனி விலகியிருந்தது. கீழே போடிச் சமவெளி மஞ்சள் வெயிலில் கிடந்தது. அடிவாரத்திலிருந்து பாறைவரை சிப்பங்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. அண்ணாந்தால், பாறையிலிருந்து மெட்டுவரை சிப்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. சுமக்கிறவர்களைப் புதர் மறைத்த இடங்களில், அரிசி மூட்டைகள் தாமாகவே மலையேறுவது போலிருந்தது. சத்தமில்லை. திட்டு இல்லை. இருபது வருஷம் இந்தத் தடத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. வெளியூர்க்காரன் முதல்முதலாக மலையைப் பார்ப்பது போல வாயைத் திறந்துகொண்டு நின்றார். கீழே ஒருத்தி கல்லில் சுமையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிய பிறகுதான் இறங்கி வந்தார்.

அன்று மத்தியானம் அய்யரே குதிரையில் மெட்டுக்கு வந்தார். கையில் கடிகாரம். மெட்டு மேடையருகே நின்று, ஒரு சிப்பத்துக்கும் அடுத்த சிப்பத்துக்கும் எத்தனை நிமிஷம் என்று பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரம்மா இதை ஏற்பாடு பண்ணினது? எந்தப் புஸ்தகத்திலேயும் நான் இதைக் காணலையே" என்றார்.

வேலுத்தாய் அவருக்குக் காப்பி தரலாமா, குடிப்பாரா என்கிற யோசனையில் இருந்தாள். எல்லாரும் சேர்ந்துதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அய்யர் திரும்பிப் போனதும் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டார் என்று சொல்லக் கேட்டேன். நான் நம்பவில்லை, நாலரைக்கு எழுகிற மனிதர் அவ்வளவு சுலபத்தில் மாறமாட்டார்.

எட்டாம் நாள் காலை கடைசிச் சிப்பம் ஊத்துப்பாறையைத் தாண்டியது. ராக்கப்பனின் கல் காலியாகிவிட்டது. அவர் அந்தச் சிப்பத்தின் பின்னாலேயே மெட்டுக்கு ஏறி வந்தார். வரும்போதே மேற்குத் திசை கறுத்திருந்தது. மெட்டில் கால் வைக்கவும் மழை பிடித்தது. சாரலில்லை, சரியான மழை. லயத்துப் பெண்களுக்குக் கொடுத்த சாக்குகளில் ஒன்று மிச்சமிருந்தது. அதை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டார்.

வேலுத்தாய் தடுத்தாள். "அங்கிட்டு இருக்கவுக பாத்துக்கிருவாக. முட்டிக்கால வச்சுக்கிட்டு எங்க போறீக?"

"ஆறு ஏறிரும் புள்ள. அங்கன சொல்றதுக்கு ஆளில்ல."

அவர் ஓடினார். வீங்கின காலோடு மூன்று நாழிகைத் தூரம் சேற்றில் ஓடினார். எதிரே ஏறி வந்த ஒருத்தி, ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது என்றாள். இன்னும் பத்துப்பதினைந்து சிப்பம் இக்கரையில் கிடக்கிறது என்றாள். சுமையோடு இறங்கின ஒருவன் வழுக்கி விழுந்து, நல்ல வேளையாகப் பிழைத்தான் என்றும் சொன்னாள். ஆட்கள் கரையில் கூடிக் கத்திக்கொண்டு நிற்பார்கள், அரிசி நனைந்து பொங்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடினார்.

ஆற்றங்கரையில் கத்தல் ஒன்றுமில்லை. இக்கரையிலிருந்து அக்கரைவரை தண்ணீருக்குள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தொடைவரை தண்ணீர். பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டு, ஒருவரும் ஓரடி நகராமல் நின்றார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஓர் ஆண், ஒரு பெண். நடுவாற்றில், இழுப்பு அதிகமான இடத்தில், சுடலை நின்றான். ஓலைப்பாயில் பொதிந்த சிப்பம் ஒரு தலைக்கு மேலிருந்து அடுத்த தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நடந்தால் ஆறு இழுக்கும் என்று தெரிந்துகொண்டு, நடப்பதையே நிறுத்திவிட்டார்கள். மெட்டிலிருந்து யாரும் போய் இதைச் சொல்லவில்லை. இருபது பேர் நிற்க, அரிசி மட்டும் ஆற்றைக் கடந்தது.

ராக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். அப்படியே தண்ணீரில் இறங்கி வரிசைக்குள் நுழையப் போனார். கரையோரம் நின்ற பெண் முழங்கையால் தடுத்தாள். முத்துப்பேச்சி என்று பேர். பூப்பாறை லயத்தில் புதிதாக வாழ வந்தவள், ஆற்றில் ஆள் போதாமல் அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மெட்டு வீட்டையும் தெரியாது, கொங்காணிக்குள் இருக்கிற ஆளையும் தெரியாது.

"யாருய்யா அது? தண்ணிக்குள்ள எறங்காதீக."

"ஒரு கை குடுக்குறேன் தாயி."

"கை இருக்கு, எடந்தான் இல்ல. எனக்கு அங்கிட்டு ஒரு ஆம்பள, இங்கிட்டு ஒரு ஆம்பள. நீங்க ஊடால பூந்தா ரெண்டு ஆம்பள சேந்துரும். தள்ளி நில்லுங்க."

சிப்பம் வந்தது. அவள் வாங்கி, இடுப்பைத் திருப்பி, அடுத்தவனுக்குக் கொடுத்தாள். ராக்கப்பன் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்.

"இத யாரு தாயி எடுத்து நடத்துறாக?"

"யாரு நடத்தணும்? நாங்கதான்" என்றாள் அவள். அடுத்த சிப்பத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே, "நீங்க யாரு?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். குத்தகைக்காரன் என்கிற சொல் நாக்குவரை வந்தது. வரிசையைப் பார்த்தார். அக்கரையில் ஈரத் துணியோடு சிப்பத்தை வாங்கி அடுக்குகிறவர்களைப் பார்த்தார். அதில் பாதிப்பேரை அவருக்குத் தெரியாது.

"சும்மா பாக்க வந்தேன் தாயி" என்றார்.

"அப்ப கரையேறி நின்னு பாருங்க" என்றாள் அவள்.

ராக்கப்பன் கரையேறினார். இன்னும் ஏழு சிப்பம் இருந்தது. கடைசிச் சிப்பம் அக்கரை ஏறும்வரை அவர் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.